ஒரே காக்பிட், இரண்டு சம்பளம்

ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு அப்படியே வந்து நிற்கிற லோடர் தோழர்களே, துப்புரவுப் பிரிவுத் தாய்மார்களே, போர்த்திய சால்வைக்கு நன்றி. பல்லாவரத்தில், மே தினத்தன்று, ஒரு மனுஷனுக்குச் சால்வை போர்த்துகிற தைரியம் தொழிற்சங்கக்காரனுக்கு மட்டும்தான் வரும்.

விமானிகளின் போராட்ட வரலாறு என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீஸைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி வாசலிலேயே என்னை மடக்கினார். "ஏன்ணே, மாசம் அஞ்சு லட்சம் ஆறு லட்சம் வாங்குறவனுக்கு எதுக்குண்ணே போராட்டம்? நமக்குப் பன்னண்டாயிரமே ஒழுங்கா வரலை. அதைப் பேசுங்கண்ணே." நியாயமான கேள்வி. தம்பி, அதைத்தான் பேச வந்திருக்கிறேன். உன் பன்னிரண்டாயிரத்தில் கை வைக்கிறவனும் அவன் ஆறு லட்சத்தில் கை வைக்கிறவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

முதலில் நம்ம ஊர்ப் பெருமை ஒன்று. 1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஜே.ஆர்.டி. டாடா தானே விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்து பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். எல்லோரும் கதையை அங்கேயே முடித்துவிடுவார்கள். அந்தத் தபால் எங்கே வந்து சேர வேண்டிய தபால்? மெட்ராசுக்கு! பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் என்கிற விமானி அதைப் பெல்லாரி வழியாக இங்கே கொண்டுவந்து சேர்த்தார். தட்டுங்க, நல்லாத் தட்டுங்க. அன்றைக்கு முதலாளியே விமானி. அதனால் சம்பளத் தகராறு கிடையாது. அப்புறம் முதலாளி இறங்கிக்கொண்டார், தகராறு ஏறிக்கொண்டது!

அதே 1932இல் அமெரிக்காவில், சிகாகோவில், நம்முடைய மே தினம் பிறந்த அதே சிகாகோவில், செஞ்சுரி ஏர்லைன்ஸ் என்று ஒரு கம்பெனி. கார்டு என்று ஒரு முதலாளி. விமானிகளின் சம்பளத்தை வெட்டினார். ஒத்துக்கொள்ளாதவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் புது ஆட்களை எடுத்தார். டேவிட் பென்கி என்கிற விமானி அதற்கு முந்தின வருஷம்தான் சங்கம் ஆரம்பித்திருந்தார். பச்சைப் பிள்ளைச் சங்கம். பிறந்த கையோடு லாக்-அவுட்டைப் பார்த்துவிட்டது.

சங்கம் என்றால் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 1934இல் ஹெலன் ரிச்சி என்கிற பெண்ணை அங்கே சென்ட்ரல் ஏர்லைன்ஸ் விமானியாக எடுத்தது. சங்கம் என்ன செய்தது தெரியுமா? உறுப்பினராகச் சேர்க்க மாட்டேன் என்றது! ஒரு வருஷத்தில் அந்தப் பெண் வேலையை விட்டே போய்விட்டார். நம்ம நாட்டில் பிரேம் மாத்தூர். லைசென்ஸ் கையில் இருக்கிறது, பெண் என்பதற்காக எட்டு கம்பெனிகள் திருப்பி அனுப்புகின்றன. கடைசியில் ஐதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ்தான் எடுத்தது. தாய்மார்கள் பக்கம் கைதட்டு வருது. ஆம்பளைங்க பக்கம் என்னய்யா சத்தத்தையே காணோம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1978 வரைக்கும் அமெரிக்காவில் எந்தக் கம்பெனி எந்த ஊருக்குப் பறக்கலாம், டிக்கெட் எவ்வளவு என்பதை அரசாங்கம் சொல்லும். அந்த வருஷம் ஒரு சட்டம் போட்டு எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார்கள். புதுக் கம்பெனிகள் வந்தன, டிக்கெட் விலை விழுந்தது, சனங்களுக்குச் சந்தோஷம். விழுந்த விலையை யார் தலையில் கட்டுவது? 1983இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு தந்திரம் கண்டுபிடித்தது. பழைய விமானிகளே, உங்கள் சம்பளத்தில் நாங்கள் கை வைக்க மாட்டோம், நிம்மதியாக இருங்கள். இனிமேல் வருகிறவனுக்கு மட்டும் குறைந்த சம்பளம். பழையவன் ஏ ஸ்கேல், புதியவன் பி ஸ்கேல். அதே விமானம், அதே காக்பிட், அதே மேகம். ஒரே பந்தியில் ஒருத்தனுக்குத் தலைவாழை இலை, பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குக் கிழிந்த ஏடு.

சிரிக்கிறீங்க. உங்களுக்குத் தெரியாதா? பர்மனென்ட்காரர் தூக்குகிற பெட்டிதான் கான்ட்ராக்ட்காரரும் தூக்குகிறார். பெட்டி கனம் குறையுதா? சம்பளம் மட்டும் எப்படிக் குறைந்தது? எட்டு மணி நேரம் கால் கடுக்க நிற்கிற தம்பிக்குச் சோப்புக் காசு தர மாட்டான், ஷூ தர மாட்டான், பி.எப். பிடிப்பான், கட்ட மாட்டான்... இல்லை, இதில் இறங்கினால் நான் ஏற மாட்டேன். விமானத்துக்கே வருகிறேன்.

அடுத்து வருகிற கதையை எனக்குச் சொன்னது ஒரு கேப்டன். ரிட்டயர் ஆகி, குரோம்பேட்டையில் இருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் அடுத்த முறை வீட்டுக்குள் விட மாட்டார். சங்கம் ஆரம்பிக்கிற தாளில் முதல் கையெழுத்துப் போட்டதற்காக ஒரு கம்பெனி அவரை மாதக்கணக்கில் தரையில் உட்கார வைத்தது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். அந்த மனுஷன் உட்கார்ந்தார், கையெழுத்தை வாபஸ் வாங்கவில்லை.

அவர் சொன்ன கதை இது. 1985. யுனைடெட் ஏர்லைன்ஸ். ரிச்சர்ட் ஃபெரிஸ் என்கிற தலைவர், எனக்கும் பி ஸ்கேல் வேண்டும் என்கிறார். விமானிகள் முடியாது என்கிறார்கள். ஸ்டிரைக் வரும் என்று தெரிந்த கம்பெனி 570 இளம் விமானிகளைத் தேர்ந்தெடுத்து டென்வரில் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள். இருபத்தைந்து, முப்பது வயசுப் பிள்ளைகள். பறக்கப் படித்த கடன் தலைக்கு மேலே. பெரிய கம்பெனியில் வேலை என்பது வாழ்நாள் கனவு. இன்னும் முறையாக வேலையில் சேரவே இல்லை.

மே 17. ஸ்டிரைக் ஆரம்பம். அந்தப் பிள்ளைகளுக்கு உத்தரவு வருகிறது: வந்து வேலையில் சேர், பெரியவர்கள் விட்டுப்போன சீட்டில் உட்கார். உட்கார்ந்தால் வேலை நிரந்தரம். உட்காராவிட்டால் கனவு காலி. தோழர்களே, 570 பேரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர ஒருத்தனும் உள்ளே போகவில்லை!

தட்டாதீங்க, இன்னும் முடியலை. சம்பளப் பேச்சு சீக்கிரமே ஒரு வழிக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஸ்டிரைக் முடியவில்லை. ஏன்? கம்பெனி சொன்னது, அந்த 570 பேர் எங்கள் ஆட்களே இல்லை, எடுக்க மாட்டோம். சங்கம் சொன்னது, எங்களுக்காக நின்ற பிள்ளைகளை விட்டுவிட்டு நாங்கள் உள்ளே வர மாட்டோம். ஏ ஸ்கேல்காரன், வீடு வாசல் உள்ளவன், ஐயாயிரம் பேர், பி ஸ்கேல்கூட இன்னும் கிடைக்காத பிள்ளைகளுக்காகத் தெருவில் நிற்கிறான். மொத்தம் 29 நாள். அப்படியும் அது தீரவில்லை, கோர்ட்டுக்குப் போனது. எடுத்துக்கொள் என்று கோர்ட் சொன்ன பிறகுதான் அந்தப் பிள்ளைகள் காக்பிட்டுக்குள் போனார்கள். பி ஸ்கேல் அன்றைக்கே ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை, மட்டுப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த 570 பேர்! இதைச் சொல்லும்போது குரோம்பேட்டைக் கேப்டனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

இங்கே ஏன் இதைச் சொல்கிறேன்? நம்ம ஊரிலும் சில பேர் இருக்கிறார்கள். பேர் சொல்ல மாட்டேன். கேட் மீட்டிங்குக்கு வர மாட்டார்கள், வெயில் ஒத்துக்காது. பேச்சுவார்த்தைக்கு மட்டும் முதல் ஆளாக வருவார்கள், அங்கே ஏசி இருக்கிறது. பிஸ்கட் தட்டு அவர்கள் பக்கம் நகரும், ஒப்பந்தம் முதலாளி பக்கம் நகரும். போன தடவை புது ஆளுக்குக் குறைந்த சம்பளம் என்கிற ஷரத்தில் யார் கையெழுத்துப் போட்டார்கள்? வெளியே வந்து "வரலாற்று வெற்றி" என்று யார் பட்டாசு வெடித்தார்கள்? போஸ்டரில் அண்ணன் தம்பி படமெல்லாம் போட்டு, அதில் நம்ம கோரிக்கையை மட்டும் காணோம்! அந்தப் போஸ்டர் இன்னும் திரிசூலம் ஸ்டேஷன் சுவரில் இருக்கிறது, போகிற வழியில் படித்துவிட்டுப் போங்கள்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. "நேரம்" என்று ஒரே ஒரு வார்த்தை. தலைவரே, கருங்காலிகளைப் பற்றி ஆரம்பித்துவிட்டு நடுவில் நிறுத்தக் கூடாது, பாவம்.

1983 செப்டம்பர். கான்டினென்டல் ஏர்லைன்ஸ். ஃபிராங்க் லோரன்சோ என்கிற முதலாளி மஞ்சக் கடுதாசி கொடுத்தார். கம்பெனி சாகவில்லை, ஒப்பந்தத்தைச் சாகடிக்கத்தான் திவால்! பன்னிரண்டாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பி, நாலாயிரம் பேரை மட்டும் பாதிச் சம்பளத்துக்குத் திரும்பக் கூப்பிட்டார். விமானிகள் ஸ்டிரைக். 1985 வரை இழுத்தது. ஆனால் உள்ளே போனவர்கள் போனார்கள், விமானம் பறந்தது. அப்படிப் போனவர்களை மற்ற விமானிகள் எத்தனை வருஷம் நினைவில் வைத்திருந்தார்கள் தெரியுமா? பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். காக்பிட்டில் ஜம்ப் சீட் என்று ஒன்று உண்டு, விமானிக்கு விமானி ஓசியில் கொடுக்கிற மரியாதை. இருபது வருஷம் கழித்து வந்து கேட்டாலும், பட்டியலில் பேர் இருந்தால், இடமில்லை ஐயா, பஸ்ஸில் போங்கள்!

இப்போது நம்ம நாடு. 2007இல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் சேர்த்தார்கள். பலகை ஒன்றாயிற்று, சம்பளம் ஒன்றாகவில்லை. 2011 ஏப்ரலில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் ஸ்டிரைக், ஏர் இந்தியா விமானிகளுக்குக் கிடைப்பது எங்களுக்கும் வேண்டும் என்று. பத்து நாள். ஏர் இந்தியா விமானிகள் கூட நிற்கவில்லை. அடுத்த வருஷம், 2012 மே, ஏர் இந்தியா விமானிகள் ஸ்டிரைக். கோரிக்கை என்ன? புதிதாக வரும் ட்ரீம்லைனர் விமானத்துக்கான பயிற்சியை அந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கொடுக்காதே! 58 நாள். சுமார் நூறு பேருக்கு வேலை போனது, சங்கத்தின் அங்கீகாரம் போனது, கடைசியில் கோர்ட்டில் போய் நின்று முடித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் கூட நின்றார்களா? எப்படி நிற்பார்கள்? எனக்கு வயிறு எரிகிறது தோழர்களே. 570 பிள்ளைகளுக்காக ஐயாயிரம் பேர் தெருவில் நின்ற தொழில் இது. இங்கே ஒருத்தன் முதுகை ஒருத்தன் பார்த்துக்கொண்டு, 68 நாள் வீண்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2009 செப்டம்பர், ஜெட் ஏர்வேஸ். சங்கம் ஆரம்பித்த இரண்டு விமானிகளை அதற்கு முன்பே வேலையை விட்டு எடுத்திருந்தார்கள். திடீரென்று ஒரு நாள் பார்த்தால் நானூறு விமானிகளுக்குக் காய்ச்சல்! என்ன கொசுவோ தெரியவில்லை, விமானிகளை மட்டும் தேடித் தேடிக் கடித்திருக்கிறது. ஐந்து நாளில் இரண்டு பேரையும் திரும்ப எடுத்தார்கள், அந்த நிமிஷமே காய்ச்சல் இறங்கியது. டாக்டர்கள் ஆராய்ச்சி செய்ய வேண்டிய விஷயம்.

முடித்துவிடுகிறேன் தலைவரே, முறைக்காதீர்கள். 2025 டிசம்பர் உங்களுக்கு மறந்திருக்காது. விமானிக்கு வாரத்தில் 36 மணி நேரம் ஓய்வு என்பதை 48 ஆக்கு, ராத்திரி இறக்கத்தை ஆறிலிருந்து இரண்டாகக் குறை என்று 2024 ஜனவரியிலேயே விதி வந்தாயிற்று. கம்பெனிகள் இழுத்தன, கோர்ட் வரைக்கும் போய்த்தான் 2025இல் அமலுக்கு வந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷம் அவகாசம். அதற்குத் தக்கபடி ஆள் எடுத்திருக்க வேண்டாமா? டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் இண்டிகோவின் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து. அரசாங்கம் என்ன செய்தது? விதியைத் தற்காலிகமாகத் தளர்த்திவிட்டது. ஆள் எடுக்காதவனுக்குச் சலுகை, தூங்காதவனுக்கு டியூட்டி!

அன்றைக்கு மீனம்பாக்கத்தில் கெட்ட வார்த்தையில் திட்டு வாங்கியது யார்? முதலாளியா? கவுன்டரில் நின்ற இருபத்திரண்டு வயசுப் பொண்ணு. அது கான்ட்ராக்ட். மலையாகக் குவிந்த பெட்டிகளைப் பிரித்தது யார்? இதோ இந்தத் தம்பி. கான்ட்ராக்ட். ஓவர்டைம் வந்ததா தம்பி? தலையை ஆட்டுகிறார் பாருங்கள், வரவில்லையாம்.

அடுத்த மாதம் புதுக் கான்ட்ராக்டர் வருகிறார். பழைய ஆளுக்கு ஒரு ரேட், புது ஆளுக்கு ஒரு ரேட் என்று தாளை நீட்டப் போகிறார். பழைய ஆட்களைத்தான் முதலில் கூப்பிடுவார், டீ கொடுப்பார், உங்களுக்கு ஒன்றும் குறையாது என்பார். அவர் வருகிற அன்றைக்குக் காலை ஆறு மணிக்குக் கார்கோ கேட்டில் கூடுகிறோம். குரோம்பேட்டைக் கேப்டனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவருக்கு முட்டிவலி, ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். அந்த ஏசி ரூம் அண்ணன்களும் வந்தால் வரட்டும். அவர்கள் நிற்கட்டும்.