விரலே சாவியானால்

வீட்டுக்குப் பூட்டு வாங்கச் செல்பவர் அதைக் கையில் ஏந்தி எடை பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார், திண்டுக்கல் பூட்டுத்தானா என்று இருமுறை கேட்பார். வாங்கிய பின் சாவியை அயலார் கையில் கொடுக்கமாட்டார். சாவி தொலைந்தாலோ பூட்டையே மாற்றிவிடுவார். பூட்டின் இலக்கணம் இவ்வளவே: சாவி உடையவரிடம் மட்டும் இருத்தல் வேண்டும், தொலைந்தால் மாற்ற இயலுதல் வேண்டும். நம் பணத்தையும் அந்தரங்கத்தையும் காப்பதில் இவ்விரண்டையும் பின்பற்றுகிறோமா என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் வாழும் தாம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். பல்லாவரம், மேடவாக்கம், வண்டலூர் என நாற்புறமும் வயல்கள் மனைகளாகிவிட்டன; 2021-இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆயிற்று. மனை வாங்குவோர் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெருவிரல் ரேகை பதிக்கின்றனர். வாடகைக்கு வருவோர் ஆதார் நகலைத் தரகரிடம் தருகின்றனர். அடுக்குமாடிக்கு விருந்தினராகச் செல்வோர் வாயிற்காவலரின் நோட்டில் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதுகின்றனர். அந்த நோட்டைப் பாருங்கள். நமக்கு முன் வந்த இருபது பேரின் எண்களும் நம் கண்முன் விரிந்து கிடக்கும். காவலுக்கென்று வைத்த நோட்டே காவலற்றுக் கிடக்கிறது!

இவற்றுள் விரல் ரேகையின் வரலாறு சுவையானது. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஓர் ஒப்பந்தக்காரர் பிற்பாடு சொல் மாறாதிருக்கும் பொருட்டு, அவருடைய கைப்பதிவை ஒப்பந்தத்தின் மீது வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் ஒன்று தோன்றிற்று. அந்நாளில் ரேகை, இன்னார்தான் இவர் என்று சாட்சி சொல்வதற்கே பயன்பட்டது. இக்காலத்திலோ அது பணப்பெட்டியைத் திறக்கும் சாவியாகவும் ஆகிவிட்டது. ஆதார் எண்ணும், வங்கியின் பெயரும், விரல் ரேகையும் இருந்தால் வங்கி முகவரிடம் பணம் பெறலாம். ரகசிய எண் கேட்பதில்லை, கைப்பேசிக்குக் கடவுச்சொல் வருவதுமில்லை. எழுத்தறியாத முதியவர்களுக்கு இஃது அரிய உதவி என்பதை நான் மறுக்கவில்லை.

ஆயினும் சாட்சியும் சாவியும் ஒன்றல்ல. சாட்சி பலர் அறிய நிற்க வேண்டும். சாவி மறைந்திருக்க வேண்டும். 2018-இல் தெலங்கானாவில் சிம் அட்டை விற்பவர் ஒருவர், பதிவுத்துறையின் இணையதளத்திலிருந்த பத்திரங்களின் ரேகைகளைப் பிரதி எடுத்து, ரப்பரில் போலி விரல்கள் செய்து, ஆயிரக்கணக்கான சிம் அட்டைகளைப் பிறர் பெயரில் இயக்கிவிட்டார். 2023-இல் கர்நாடகத்திலும் பத்திரங்களிலிருந்து எடுத்த ரேகைகளைக் கொண்டு வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் களவாடப்பட்டது. பணத்தை இழந்தவர்கள் எதையும் தொலைக்கவில்லை. எவரிடமும் ஏமாந்து எதையும் சொல்லவுமில்லை. சட்டம் பதிக்கச் சொன்ன இடத்தில் விரலைப் பதித்தார்கள், அவ்வளவே. களவுபோன பூட்டுச் சாவிக்கு வேறு பூட்டு உண்டு. களவுபோன விரலுக்கு மாற்று விரல் ஏது?

ஆதார் நகலைக் கண்டவரிடமும் கொடுக்கலாகாது என்று 2022 மே மாதத்தில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவிப்பு விடுத்தது. மக்கள் அதைத் தவறாகப் பொருள் கொள்ளக்கூடும் என்று கூறி, இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்புத்தான் மறைந்தது, அதில் இருந்த அறிவு மறையவேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆணையமே வழங்குகிறது; இயன்ற இடங்களில் அதையே கொடுக்கலாம். ஆதாருடன் கைப்பேசி எண்ணை இணைத்திருப்பவர்கள், ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ ரேகையைப் பூட்டி வைக்கலாம். ரேஷன் கடைக்குப் போகும் நாளில் மட்டும் சற்றுத் திறந்துகொள்ள வேண்டும். இல்லையேல் இயந்திரம் விரலை ஏற்காது. பணம் பறிபோனது தெரிந்தால், நாளை பார்ப்போம் என்றிராமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

ஆனால் சுமை முழுவதையும் குடிமக்கள் தலையில் ஏற்றுவது முறையாகாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். உரிமை என்று ஒன்று உண்டானால், அதைக் காக்கும் கடமையும் ஒருவருக்கு உண்டு. பத்திரத்தில் ரேகையைக் கேட்கும் அலுவலகம் அதை மறைத்து வைக்க வேண்டும். விரலை நம்பிப் பணம் தரும் வங்கி, மற்றொரு சான்றையும் கேட்க வேண்டும். நகல் கேட்கும் தரகரும், எண் கேட்கும் காவலரும், இது எதற்கு, எத்தனை நாள் என்ற கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க நாம் கூசவேண்டியதில்லை. வீட்டுச் சாவியை ஒருவர் கேட்டால், ஏன் என்று கேட்காமலா கொடுத்துவிடுகிறோம்?