வேலி மட்டும் போதாது
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பலத்த மழை பெய்து ஒன்பது நாள் வாக்கில், சாலையோர மரங்களில் வெள்ளை வெளேரென்று பூத்து, ஒரே நாளில் வாடிப்போகிறதே ஒரு பூ, பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர்கள் அதைப் 'புறா ஆர்க்கிட்' என்பார்கள். இது தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் உலகில் பல காட்டு ஆர்க்கிட்கள் அருகி வருகின்றன. "வேலி போட்டு, யாரும் தொடாம விட்டாப் போதாதா?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். போதாது!

வேல்ஸ் நாட்டின் தென்கரையில் கென்ஃபிக் என்னும் மணல்மேட்டுப் பகுதி உண்டு. அங்கே ஈரப் பள்ளங்களில் 'ஃபென் ஆர்க்கிட்' வளர்கிறது. ஒரு சாண் உயரங்கூட இராது. மஞ்சள் கலந்த பச்சைப் பூ. அந்த இடம் தேசிய இயற்கைக் காப்பகம். ஆயினும் செடி குறைந்துகொண்டே வந்தது. ஏன்?

ஆர்க்கிட் விதை தூசு போன்றது. அதனுள் உணவுச் சேமிப்பு கிடையாது. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சணம் ஊட்டினால்தான் முளைக்கும். இந்தச் செடிக்கு ஈரமான வெற்று மணலும் வெளிச்சமும் வேண்டும். முன்பு காற்று மணலைப் புரட்டியது. முயல்கள் புல்லைக் கறித்தன. 1953-இல் பிரிட்டனுக்குள் வந்த ஒரு கொள்ளைநோயில் முயல்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. புல்லும் புதரும் மூடிக்கொண்டன. லாலானோடு மல்லுக்கட்டும் நமக்கு இதை விளக்கவா வேண்டும்?

பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? மண்வாரி எந்திரத்தைக் கொண்டுவந்து புல்தரையைச் சுரண்டி, மணலை வெளியே கொண்டுவந்தார்கள். மற்ற இடங்களில் புல்லை வெட்டி, அதை வாரி அப்புறப்படுத்தினார்கள். அங்கேயே விட்டால் மக்கி எருவாகி, மறுபடியும் புல்லைத்தானே வளர்க்கும்? மாடுகளையும் மேயவிட்டார்கள். 2018-இல் வேல்ஸ் மணல்மேடுகளுக்கென்றே பெரிய திட்டமும் தொடங்கியது. ஆர்க்கிட்கள் மீண்டும் பெருகின. காட்டை அழிக்கும் எந்திரமென்று நாம் அஞ்சுவதே அங்கே பூவுக்குத் துணையாயிற்று!

அதற்காக நம் காட்டில் எந்திரத்தை ஓட்டிவிடக் கூடாது. நம் நாட்டு ஆர்க்கிட்களில் பல, மரத்தைப் பற்றி வாழ்பவை. மரம் போனால் அதுவும் போச்சு. சிங்கப்பூர்ப் பூமலையில் 1995 முதல் உள்நாட்டு ஆர்க்கிட்களை விதையிலிருந்து வளர்த்து, மரங்களில் கட்டிவைக்கிறார்கள். இடத்துக்கு இடம் வைத்தியம் வேறு. ஆனால் ஆள் இறங்கி வேலை செய்யவேண்டும் என்பது எங்கும் ஒன்றே.

பெற்றோர்களே, இந்தத் தோட்டப் பள்ளிக்கும் வேலி இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. அவை பள்ளியைக் காப்பாற்றா. தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் பட்டணம் போகப் போக, பிள்ளைகள் குறைந்த பள்ளிகள் எத்தனை! பிள்ளையைச் சேர்ப்பதும், கூட்டத்துக்கு வருவதும், மாலையில் பாடம் படித்தானா என்று கேட்பதுமே நம் களையெடுப்பு. அடுத்த ஆண்டு முதலாம் வகுப்புக்கு உங்கள் வீட்டிலிருந்தோ, பக்கத்து வீட்டிலிருந்தோ ஒரு பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள்.