நாலாயிரம் யூரோ காரின் உண்மையான விலை

(ஓல்னே-சூ-புவாவில் ஞாயிறு மாலை நடந்த சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சுநடையைச் சில இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)



"பழைய கார் வேண்டுறதைப் பற்றி இடதுசாரிக் கூட்டத்தில என்ன கதை?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். இந்த ஊரில் கதைக்காமல் வேறு எங்கே கதைப்பது? 1973இல் இங்கே சித்ரோயன் தொழிற்சாலை திறந்தது. 1982இல் மொரோக்கோவிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் மரியாதை கேட்டு வேலைநிறுத்தம் செய்தது அங்கேதான். 2012 யூலையில் மூடப்போகிறோம் என்று நிர்வாகம் அறிவித்தது. அடுத்த வருடம் நாலு மாத வேலைநிறுத்தம். 2013 ஒக்ரோபரில் கடைசிக் கார் வெளியே வந்தது. அது ஒரு சி3. இன்றைக்கு லெபொன்குவானில் மலிவாகத் தேடினால் எங்கட ஆக்களின் கண்ணில் முதலில் படுகிறதும் அதே சி3தான்.

லாச்சப்பலில் கோப்பை கழுவி முடிக்க ஆர்.ஈ.ஆர் பி கடைசி ரயில் போய்விடுகிறது. றுவாசியில் விடிய நாலு மணிக்கு வேலை தொடங்குபவருக்கு முதல் ரயிலே இல்லை. ஆகவே கார் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. ஆனால் அந்த அவசரம் எங்கட முகத்தில் தெரியும், விற்கிறவர் அதை வாசித்துவிடுவார்.

முதலில் விலை. விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை, விற்ற விலை இல்லை. ஆர்குஸ் சொல்லும் தொகையும் ஒரு தொடக்கம்தான். அதே ஆண்டு, அதே எஞ்சின், கிட்டத்தட்ட அதே கிலோமீற்றர் உள்ள பத்துக் காரை மூன்று கிழமை பார்த்துக்கொண்டிருங்கோ. எது உடனே போகிறது, எது விலை குறைந்து குறைந்து நிற்கிறது என்று பார்த்தால் நியாய விலை தானாகப் பிடிபடும்.

அடுத்தது பட்ஜெட். கையில் நாலாயிரம் இருந்தால் நாலாயிரத்துக்குக் கார் தேடக்கூடாது. மூவாயிரத்துக்குத் தேடுங்கோ. மிச்சம் முதல் வருடத்துக்கு: கார்த் கிறிஸ், அசுரன்ஸ், ரயர், பிரேக், பெல்ற். கார் பத்து வயது தாண்டியிருந்தால் கார்த் கிறிஸின் பிராந்திய வரி பாதி. அசுரன்ஸ்தான் பெரிய அடி. புதிதாக லைசன்ஸ் எடுத்தவருக்கு முதல் வருடம் இரட்டிப்பாகவும் போகலாம். ஆகவே காரைப் பார்க்கப் போகமுதல் அசுரன்ஸ் விலை கேளுங்கோ. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சீட்டுக் காசில் வேண்டுகிறவர்களுக்கு ஒரு சொல். ஐயாயிரம் சீட்டை எழுநூறு கழிவில் எடுத்தால் அந்த எழுநூறும் காரின் விலைதான். வங்கி வட்டியைத் திட்டுகிற நாங்கள் இந்தக் கழிவைக் கணக்கில் எழுதுவதே இல்லை.

இனி, "எங்கட ஆள்தானே" என்ற பிரச்சினை. பேர் மாத்தாமல் ஓடு, பிறகு பாப்பம் என்பார்கள். தண்டச் சீட்டு முதலில் பழைய உரிமையாளரின் வீட்டுக்குத்தான் போகும், பிறகு நட்பும் போகும். அசுரன்ஸை இன்னொருவர் பேரில் போட்டால் உங்கட போனஸ் வளராது. விபத்து நடந்தால் நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டு காசு தர மறுக்கலாம். அண்ணன் தம்பியாக இருந்தாலும் சரி, இஸ்ரோவெக் அறிக்கையைக் கேளுங்கோ. அரசின் இலவசச் சேவை, கார் உரிமையாளர்தான் எடுத்துத் தரவேண்டும். எத்தனை கை மாறியது, அடமானம் இருக்கா, பெரிய விபத்துப் பதிவு இருக்கா என்று அதில் தெரியும். நாலு வயது தாண்டிய காருக்கு ஆறு மாதத்துக்குட்பட்ட கொந்துரோல் தெக்னிக் கட்டாயம். தர மறுத்தால் திரும்பி வாங்கோ, சண்டை பிடிக்கத் தேவையில்லை. கராஜில், அதாவது தொழில் செய்பவரிடம், வாங்கினால் இரண்டு வருடச் சட்ட உத்தரவாதம் உண்டு. தனியாரிடம் அது இல்லை, மறைந்த குறைக்கு எதிராக வழக்குப் போடும் வழி மட்டும்தான். அதனால் கராஜில் சில நூறு கூடக் கேட்டால் அது எல்லாமே கொள்ளை இல்லை.

கிறிற்ஏர் ஒட்டியையும் பாருங்கோ. 2025 ஜனவரி 1 முதல் ஏ86க்கு உள்ளே 3ஆம் இலக்கக் கார்களுக்குக் கிழமை நாளில் பகல் தடை என்று விதி வந்தது. 2011க்கு முந்திய டீசல்கள் அதில் விழும். ஓல்னே ஏ86க்கு வெளியே: வீட்டு வாசலில் ஓடலாம், லாச்சப்பலுக்குப் போக ஏலாது! அந்த யூனில் தேசிய சபை இதை நீக்க வாக்களித்தது. வாங்குகிற நாளில் என்ன விதி என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கோ. இந்த அறிவிப்புகளால் பழைய டீசலின் விலை அடிபட்டது. நட்டம் யாருக்கு? அதை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு.

சி3க்குத் திரும்புகிறேன். 2012க்குப் பிறகு வந்த 1.2 பியூர்தெக் எஞ்சினில் பெல்ற் எண்ணெய்க்குள் ஓடுகிறது, அது உரிந்து எண்ணெய் வழியை அடைக்கும் குறை தெரிந்ததுதான். 2024இல் உற்பத்தியாளர் 10 வருடம் அல்லது 1,75,000 கிலோமீற்றர் வரை உத்தரவாதத்தை நீட்டினார்கள், ஆனால் ஒழுங்காகச் சேர்விஸ் செய்த ரசீது வேண்டும். ரசீது இல்லாத காரை அதற்கேற்ற விலைக்குத்தான் கேட்கவேண்டும்.

மற்றது விலையால் தீராத விசயம். தகாத்தா எயர்பாக். உள்ளேயிருக்கும் அம்மோனியம் நைத்திரேற் காலத்தாலும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெட்டு, சின்ன இடியிலும் உலோகத் துண்டுகளாகச் சிதறும். 2025 யூனில் றான்ஸ் நகரில் சி3 ஓட்டிய ஒரு பெண் இறந்தார். அதற்குப் பிறகுதான் 2009 முதல் 2019 வரை செய்த சி3, டிஎஸ்3 எல்லாவற்றையும், மாற்றும்வரை ஓட்டவேண்டாம் என்று பிரான்ஸ் முழுக்க அறிவித்தார்கள். தெற்கில் அந்த எச்சரிக்கை ஒரு வருடம் முந்தியே வந்திருந்தது. கடிதம் பதிவில் உள்ள விலாசத்துக்குத்தான் போகும். பேர் மாத்தாமல் ஓடுகிறவருக்கு அது வந்து சேராது.

மாற்றுவது இலவசம். கார்த் கிறிஸில் 'ஈ' என்ற இடத்தில் 17 எழுத்தும் இலக்கமும் இருக்கும், அதை நிறுவனத்தின் தளத்தில் போட்டால் உடனே தெரியும். வெளியில் இரண்டு சி3 நிற்பதைக் கண்டேன். யாருடையது? கார்த் கிறிஸை எடுத்துக்கொண்டு வாங்கோ, தேத்தண்ணி குடிக்கமுதல் பார்த்துவிடுவம்.