எஞ்சினைக் கையால் திருப்பும் முன்
(ஸ்டோர் தொழிலாளர்களுக்கான ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைக்குச் செக்ரோல் பார்ப்பது எப்படி என்று பேசுவதாகத்தான் இருந்தது. அதை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட்டு எஞ்சின் ரூமைப் பற்றிப் பேசுங்கள் என்று ஸ்டோர் தோழர்கள் கேட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார்மாருக்கு எஞ்சினில் என்ன வேலை என்று பின்வரிசையில் ஓர் அண்ணன் சிரிக்கிறார். வேலை இருக்கிறது, அண்ணே. மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் நான்கடிப்பு எஞ்சினின் படத்தைக் கரும்பலகையில் போட்டு விளக்குகிறோம். அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார் அதே எஞ்சினுக்குள் கையை விடுகிறார்கள். பாடப்புத்தகத்தில் அதற்கு முசலம் என்று பெயர், ஸ்டோரில் பிஸ்டன். இரண்டும் ஒன்றுதான்.

நமது ஸ்டோர்கள் முன்பு தண்ணீரின் பலத்திலும் நீராவியிலும் ஓடியவை. பிறகு ரஸ்டன், லிஸ்டர், குரொஸ்லி, பிளாக்ஸ்டன் என்று இங்கிலாந்து எஞ்சின்கள் கப்பலேறி வந்து மலைக்கும் வந்தன. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இத்தனைக்கும் நடுவே சில ஸ்டோர்களில் பழைய எஞ்சின் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கரண்ட் இருக்கும்வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போதுதான் பல பேருக்கு அதன் நினைவு வந்தது. அரைத்த கொழுந்து கரண்ட் வரும்வரை காத்திருக்காது.

பழைய எஞ்சினை எழுப்பினால் முதலில் கேட்பது டெப்பெட் சத்தம். வால்வின் தண்டுக்கும் அதை அமுக்கும் ரொக்கருக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் இரும்பு நீளும், அதற்காக விட்ட இடம் அது. இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, அமுக்கம் கசியும், வால்வின் விளிம்பு எரியும். கூடிப்போனால் டக்டக்கென்று அடிக்கும், வால்வு பிந்தித் திறந்து முந்தி மூடும், காற்றுப் போதாமல் கரும்புகை வரும். அந்தப் புகையைக் குடிப்பவர்கள் எஞ்சின் ரூமிலும் பக்கத்து அறையிலும் நிற்கும் நாம்தான். எத்தனை அளவு விடுவது என்பது அந்தந்த எஞ்சின் புத்தகத்தில் இருக்கும். சூடாக இருக்கும்போது பார்ப்பதா, ஆறிய பிறகா என்பதும் அதிலேயே இருக்கும். வேறு தோட்டத்து அளவைக் காதால் கேட்டு வந்து வைக்க வேண்டாம்.

அளவு பார்க்கப் பிஸ்டன் அமுக்க அடிப்பின் உச்சியில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் கையால் திருப்புகிறோம். பெரிய எஞ்சினில் பிளைவீலின் துளையில் பார் போட்டு நெம்புவோம். சின்னதில் கிராங்க் முனை நட்டில் நீளமான ஸ்பெனர் போடுவோம். காற்றாடி இலையைப் பிடித்துத் திருப்புவது கூடாது. ஓடும் திசையிலேயே திருப்ப வேண்டும்.

இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் அமுக்க உச்சி வரும். ஆகவே பிளைவீல் குறி மேலே வந்துவிட்டது என்பதால் மட்டும் அளவு வைக்கக்கூடாது. உள்ளிழுக்கும் வால்வு இறங்கி ஏறி முடிந்த பிறகு அடுத்ததாக வரும் குறியே சரியான உச்சி. அப்போது இரண்டு தள்ளுகம்பிகளையும் விரலால் உருட்டிப் பார்க்கலாம், இரண்டும் தளர்வாகச் சுற்றும். ஆறு சிலிண்டர் எஞ்சின் 1-5-3-6-2-4 என்ற வரிசையில் வெடிப்பதாக இருந்தால், ஆறாவதன் வால்வுகள் இரண்டும் மாறி ஆடும் நேரத்தில் முதலாவதுக்கு அளவு வைக்கலாம். பிறகு மூன்றிலொரு சுற்றுத் திருப்பினால், இரண்டாவது ஆடும், ஐந்தாவதுக்கு வைக்கலாம். இப்படியே போகும். லொக் நட்டை இறுக்கிய பிறகு கேஜை மறுபடி விட்டுப் பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறும்.

இவ்வளவும் கைத்தொழில். எஞ்சின் டிரைவர் அண்ணன்மாருக்கு நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை. நாங்கள் பேச வந்தது பார் பிடிக்கக் கூப்பிடப்படும் தம்பிமாரைப் பற்றி.

பெற்றோல் எஞ்சினில் சாவியை மூடினால் பொறி நிற்கும், பிறகு வெடிக்காது. டீசலுக்குப் பொறியே கிடையாது. காற்றை அமுக்குகிற சூட்டிலேயே அது எரிகிறது. லிஸ்டர் போன்ற எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றித்தானே கிளப்பினார்கள்? அப்படியென்றால் நாம் அளவு பார்க்கத் திருப்பும்போதும் அது கிளம்பலாம். அதுவும் சூடாக இருந்தால், பம்ப் திறந்திருந்தால், சொல்லவே வேண்டாம். எண்ணெய் பூட்டப்பட வேண்டும், பம்பின் கம்பி நிறுத்தும் நிலையில் கட்டப்பட வேண்டும். காற்றில் ஸ்டார்ட் ஆகும் எஞ்சினில் காற்றுப் போத்தலின் வால்வை மூடுவதோடு குழாயில் தங்கிய காற்றையும் விட்டுவிட வேண்டும்.

எரியாவிட்டாலும் அமுங்கிய காற்று ஒரு வில் மாதிரி. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் கையைத் தளர்த்தினால் பிளைவீல் பின்னால் அடிக்கும், பாரும் சேர்ந்து வரும். இதற்காகவே அமுக்கத்தை விடும் நெம்புகோல் சில எஞ்சின்களில் உண்டு. அதைப் போட்டுத் திருப்புங்கள். ஆனால் அளவு பார்க்கும் நேரம் அதை எடுத்துவிட வேண்டும். அது ஒரு வால்வைச் சற்றுத் திறந்து பிடித்திருக்கும், அந்த நிலையில் கேஜ் சொல்வது பொய்.

லைன் ஷாப்ட் உள்ள ஸ்டோரில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பெல்ட் சும்மா ஓடும் கப்பிக்கு மாற்றப்படாவிட்டால், எஞ்சின் ரூமில் ஒருவர் நெம்ப, ரோலர் பக்கம் கூட்டிக்கொண்டிருக்கும் அக்காவின் பக்கத்தில் ஷாப்ட் சுற்றும். அங்கே இருப்பவர்களுக்கு ஏன் என்றே தெரியாது.

எல்லாவற்றையும்விடக் கள்ளமானது தானாக ஸ்டார்ட் ஆகும் பெட்டி. பழைய எஞ்சினுக்குப் பின்னாளில் பூட்டியது. கரண்ட் போன உடனே பற்றரியிலிருந்து அது எஞ்சினைக் கிளப்பும். யாரும் பட்டனைத் தொட வேண்டியதில்லை. நாங்கள் அறிந்த ஒரு தோட்டத்தில் பெட்டியை ஓஃப் நிலைக்குத் திருப்பியதோடு வேலையைத் தொடங்கினார்கள். விளக்குப் பார்க்க வந்த இன்னொருவர் அதைப் பழையபடி திருப்பிவிட்டுப் போனார். கரண்ட் போனது. பார் பிடித்திருந்த தம்பிக்கு இருபத்தொரு வயது. வலது கையில் இரண்டு விரல் இல்லை. பற்றரியின் கம்பியைக் கழற்றி ஒதுக்க ஒரு ஸ்பெனரும் இரண்டு நிமிடமும் போதும்.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். அந்தத் தம்பி ரோலர் அறை ஆள். அன்று செக்ரோலில் துப்புரவு வேலைக்குப் பேர் போட்டிருந்தது. எஞ்சின் ரூமுக்கு யார் போகச் சொன்னார்கள் என்று ஒபிசில் கேட்டபோது, நாங்கள் சொல்லவில்லை என்றார்கள். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விரல் போனதற்கும் நட்டஈடு சொல்கிறது. ஆனால் வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் காயம் வந்தது என்று காட்ட வேண்டும். அந்தக் காகிதத்தைத் தேடவே நமக்கு மாதக்கணக்காயிற்று. எஞ்சினுக்கும் பிளைவீலுக்கும் பாதுகாப்பு வேலி வேண்டும் என்பது 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. வால்வு பார்க்கக் கழற்றிய வேலியைத் திரும்பப் பூட்டாமல் சுவரில் சாத்தி வைத்திருக்கும் ஸ்டோர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆகவே தோட்டக் கமிட்டிகள் நிர்வாகத்திடம் கொடுக்கும் கடிதத்தில் இவற்றை எழுதச் சொல்கிறோம். எஞ்சின் திறக்கும் நாளில் பற்றரியைக் கழற்றி, பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவி பார் பிடிப்பவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். டீமேக்கர் ஐயாவின் மேசையில் இருந்தால் போதாது. பார் பிடிக்கப் போகிறவரின் பேர் அன்றைய செக்ரோலில் எஞ்சின் வேலை என்றே விழ வேண்டும், சம்பளமும் அந்த வேலைக்குரியதாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் பாரை எடுத்தாயிற்றா, வேலி பூட்டியாயிற்றா, இரண்டு முழுச் சுற்றுக் கையால் திருப்பிப் பார்த்தாயிற்றா என்று இரண்டு பேர் கையெழுத்து வைத்த பிறகே பற்றரி பூட்டப்பட வேண்டும்.

அடுத்த ஞாயிறு வரும்போது ஒவ்வொரு ஸ்டோர் தோழரும் மூன்று விஷயம் பார்த்து எழுதி வாருங்கள்: உங்கள் எஞ்சினுக்குத் தானாக ஸ்டார்ட் ஆகும் பெட்டி இருக்கிறதா, எஞ்சின் புத்தகம் யாரிடம், கடைசியாக வால்வு பார்த்த நாளில் செக்ரோலில் என்ன எழுதியிருந்தது. கொப்பியும் பேனையும் நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவருகிறோம்.