வேகத்துக்கு ஒரு கடிவாளம்



கண்டிக்குப் புகைவண்டி 1867ஆம் ஆண்டில் வந்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறத்தாழ 44 அடிக்கு ஓரடி உயரும் பாதை அது. ஏறுவதற்கு வலிமை வேண்டும். இறங்குவதற்கோ அடக்கம் வேண்டும். நம் வாலிபர் சிலர் விரும்பியோட்டும் றேடியோப் பந்தயக் கார்களுக்கும் இதுவே விதி.

அக்காரின் பற்றறிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருப்பது வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை விட்டுவிட்டுச் செலுத்தி, வேகத்தை அளந்து கொடுப்பது அதுவே.

முதலில், கைவிசையின் நடுநிலை, முழுவேகம், முழுத்தடை ஆகிய மூன்றையும் அதற்குப் பழக்குங்கள். அடுத்து, புறப்படும் உந்தலைக் குறைத்து வையுங்கள். மண்தரையில் உந்தல் மிகுந்தால் சில்லு வீணே சுழலும். விசையை விட்டதும் பிடிக்கும் தடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். லிதியம் பற்றறியின் ஒரு கலம் 3.2 வோல்ற்றுக்குக் கீழே இறங்காதபடி எல்லை வையுங்கள்.

மோட்டார்ச் சுருளுக்கு மின்சாரம் சேரும் கணத்தை முற்படுத்துவது 'டைமிங்'. அதை நான் ஒருமுறை ஒரேயடியாக உயர்த்தினேன். இரண்டு சுற்றில் எல்லோரையும் முந்தினேன். மூன்றாவதில் மோட்டார் புகைந்தது. மாதக்கணக்கில் சேர்த்த பணமும் அதனோடு போயிற்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, மோட்டாரின் சூட்டைக் குறித்து வைத்திருந்தால் தப்பியிருப்பேன்.

சில பந்தயப் பிரிவுகளில் கருவியில் டைமிங்கைக் கூட்டவே கூடாது. கூட்டவில்லை என்பதற்குச் சாட்சியாக அதன் சிறு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். தோற்றாலும் அவ்விளக்கு மின்னத் தோற்பதே வாலிபருக்கு அழகு.