கைந்நூலிலே ஒரு சொல்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டு மலரை அச்சுக்கு அனுப்புமுன் எழுத்துப்பிழை பார்க்கும் அன்பர்களை நீங்கள் அறிவீர்கள். அத்தொண்டுக்கு ஒப்பான தொண்டு ஒன்று கணனி உலகத்திலும் உண்டு. அதைப்பற்றியே இன்று சில கூற விழைகின்றோம்.

விம் என்பது கணனியிலே எழுதுவதற்கும் எழுதியதைத் திருத்துவதற்கும் உரிய மென்பொருள். ஒல்லாந்தரான பிராம் மோலனார் 1991 இல் இதனை வெளியிட்டு, 2023 ஓகஸ்ற் மாதத்திலே காலமாகும்வரை பேணி வந்தார். பின் வந்தோர் 2024 சனவரியில் வெளியிட்ட 9.1 ஆம் பதிப்பை அவருக்கே சமர்ப்பித்தனர். விம்முடன் பெரியதொரு கைந்நூலும் கூடவே வருகின்றது. இணையம் இல்லாத இடத்திலும் அதனைத் திரையிலே விரித்து வாசிக்கலாம். பிழை கண்டவர் எவராயினும் திருத்தி அனுப்பலாம்.

ஒரு சொல்லைத் திருத்துவதும் ஒரு காரியமா என்று சிலர் கேட்பர். விம்மிலே தனி எழுத்தே கட்டளையாகும். ஆங்கிலச் சிறிய 'யு' கடைசியாகச் செய்த மாற்றத்தை நீக்கும். பெரிய 'யு' ஒரு வரியிலே கடைசியாகச் செய்த மாற்றங்களை ஒருங்கே நீக்கும். தமிழிலே பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற தொல்லை இல்லை. ஆங்கிலத்திலோ வாக்கியம் பெரிய எழுத்தோடு தொடங்கவேண்டும் என்பது விதி. சிறிய 'யு'வோடு தொடங்கும் வாக்கியத்தை, இலக்கணம் மட்டும் அறிந்த ஒருவர் அவ்விதிப்படி திருத்திவிட்டால் நூல் வேறொரு கட்டளையைப் போதிக்கும்!

இன்னொன்று பாருங்கள். 'எஃப்' என்ற கட்டளை நாம் தேடும் எழுத்தின்மேலே கொண்டுபோய் நிறுத்தும். 'ரி' அதற்கு ஓர் எழுத்து முன்னே நிறுத்தும். ஆகவே கைந்நூல் 'ரி'யை விளக்குமிடத்து, 'வரை' என்னும் பொருளுடைய சொல்லோடு 'முன்' என்பதையும் சேர்த்தே சொல்கின்றது. மிகை என்று எண்ணி அதனை வெட்டலாகாது. நம்மூரிலே "சந்திமட்டும் போ" என்றால் சந்தியிலே நிற்பதா, அதற்கு இப்பால் நிற்பதா என்ற ஐயம் வருமல்லவா? நடந்து போகிறவர் வழியிலே விசாரித்துக்கொள்ளலாம். அழிக்கும் கட்டளையோடு இதனைச் சேர்த்தவருக்கோ ஓர் எழுத்து போய்விடும்.

தனியே இருந்து கற்கும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். நூல் சொன்னபடி செய்தான், வேறொன்று நடந்தது. அவன் நூலைச் சந்தேகிப்பானா? மாட்டான். "நமக்கு இது ஏறாது" என்று தன்னையே நொந்துகொண்டு மூடி வைத்துவிடுவான். நன்கு கற்றவர்களோ அப்பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. புரட்டினாலும் எழுதியிருப்பதை விட்டுத் தமக்குத் தெரிந்ததையே வாசிப்பார்கள். பிழை தெரிவது புதிதாகக் கற்பவரின் கண்ணுக்கே. அந்தக் கண்ணும் சில கிழமைகளே இருக்கும், பழகிவிட்டால் போய்விடும். ஆகையால், இளைஞர்களே, தடுக்கிய இடத்தை அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

குறித்ததும் அனுப்பிவிடாதீர்கள். முதலில் வீண்போனாலும் பாதகமில்லாத ஒரு கோப்பிலே அக்கட்டளையைச் செய்து பாருங்கள். பிழை உறுதியானால் அச்சொல்லை மாத்திரம் திருத்துங்கள். வரிகள் 78 எழுத்து அகலத்துக்குள் அமையவேண்டும் என்பது வழக்கம். அதற்காகப் பந்தி முழுவதையும் மடித்து ஒழுங்குபண்ணப் புகுந்தால், பழைய வரியையும் புதிய வரியையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் உண்மையான திருத்தம் எதுவென்று தேடி அலைவார். நட்சத்திரக் குறிகளுக்கிடையே உள்ள சொற்களைத் தொடவேண்டாம். அவை விலாசங்கள், மாற்றினால் மற்றைப் பக்கங்களிலிருந்து அங்கே வரும் வழி அறுந்துபோம். காரணத்தை இரண்டொரு வரியிலே எழுதுங்கள். நமக்கு வேறு சொல் இனிமையாகப் படுகின்றது என்பது காரணமன்று.

ஈமாக்ஸ் என்னும் மற்றொரு மென்பொருளுக்குப் பெரிய அளவிலே எழுதித் தருவோர் தம் பதிப்புரிமையை எழுத்துமூலம் ஒப்படைக்கவேண்டும். சுமார் 15 வரிக்கு உட்பட்ட திருத்தத்துக்கு அந்தப் பத்திரம் தேவையில்லை.

ஐயமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்னே வாருங்கள். கணனி ஒன்று கொண்டுவந்திருக்கின்றோம். கைந்நூலைத் திறந்தே பார்க்கலாம்.