படத்துல நம்ம புள்ளைங்க எங்க?

(பென்னலூரில் மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களிடமும் மாணவர்களிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)



"நிலம், கூலி, வன்கொடுமை வழக்குன்னு ஆயிரம் வேலை கெடக்கு. மூணு வயசுப் புள்ளைக்குப் படப் புத்தகம் காட்டுறதெல்லாம் ஒரு இயக்க வேலையா?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதிலைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

இது நமக்குப் புதிய வேலை இல்லை. 1894இல் சென்னை ஊரூரில் சேரிப் பிள்ளைகளுக்கென்று கர்னல் ஒல்காட் இலவசப் பள்ளி திறந்தார். பின்னால் 1898இல் அயோத்திதாசப் பண்டிதரோடு இலங்கை போன அதே ஒல்காட்தான். அதைத் தொடர்ந்து வந்த பஞ்சமர் பள்ளிகளில் கிண்டர்கார்டன் முறையைக் கையாண்டார்கள். இன்றைக்கு எல்.கே.ஜி. என்று காசு வாங்குகிறார்களே, அந்த முறை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே சேரிக்கு வந்துவிட்டது.

எழுத்து தெரியாத குழந்தைக்குப் படம்தான் எழுத்து. அது படத்தை வரி வரியாப் படிக்கும். சந்தையில் கிடைக்கிற புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். 'வீடு' என்றால் தோட்டம் வைத்த வீடு. 'அப்பா' என்றால் நாற்காலியில் பேப்பர் படிக்கிறவர். எல்லாருக்கும் ரோஸ் நிறத் தோல். இசை என்றால் வீணை, பறை கிடையாது. சாப்பாட்டில் கருவாடு இல்லை, மாட்டுக்கறி இல்லை. விடியறதுக்கு முன்னால கம்பெனி பஸ் ஏறிப் போற அம்மா எந்தப் பக்கத்திலும் இல்லை. "புத்தகத்துல வர்றவங்க வேற, நாம வேற" என்று நாலு வயசிலேயே நம்ம புள்ளை முடிவு கட்டிவிடுகிறது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனாலும் ஒதுக்கியாச்சு.

அமெரிக்காவின் கறுப்பு மக்களுக்கும் இதே கதைதான். 1962 முதல் 1964 வரை அங்கே வெளியான 5,206 குழந்தை நூல்களை நான்சி லாரிக் ஆராய்ந்தார். ஒரு கறுப்பு மனிதராவது இருந்தவை 349 மட்டுமே. 1965இல் அதை எழுதினார். அதே 1962இல்தான் எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'த ஸ்நோயி டே' வந்தது. அதில் ஒரு கறுப்புச் சிறுவன் பனியில் விளையாடுகிறான். அவ்வளவுதான் கதை. அவனை யாரும் அடிக்கவில்லை, அவன் அழவில்லை. அடுத்த வருஷமே அதன் படங்களுக்குக் கால்டெகாட் விருது கிடைத்தது.

நம்ம தோழர்களோடு எனக்குச் சண்டை வருவது இந்த இடத்தில்தான். குழந்தை கையில் முதலில் அவமானத்தைக் கொடுக்காதீங்க. தன் நிறம், தன் தெரு, தன் சோறு புத்தகத்தில் சிரிக்கிறதை அது முதலில் பார்க்கட்டும். பிறகு மற்றது.

மற்றதுக்கும் நல்ல புத்தகங்கள் உண்டு. காஞ்ச அய்லய்யா எழுதி துர்காபாய் வியாம் படம் வரைந்த, உழைப்பின் மதிப்பைச் சொல்லும் நூல் 2007இல் வந்தது. சென்னையின் துளிகா பதிப்பகம் அம்பேத்கரின் சிறுவயதைப் பற்றி 2015இல் ஒரு படப் புத்தகம் போட்டது. பாதாளச் சாக்கடைத் தொழிலாளியின் மகளைப் பற்றிய 'மை நேம் இஸ் குலாப்' 2021இல் வந்தது. நவயானா 2011இல் வெளியிட்ட 'பீமாயணா' பெரியவர்களுக்கானது. ஆனாலும் அதன் ஒரு பக்கத்தை நான் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுண்டு. கோண்டு ஓவியர்கள் அதில் கொடுஞ்சொல்லுக்குத் தேள் கொடுக்கு வைத்திருக்கிறார்கள். அன்பான சொல்லைப் பறவை வடிவத்தில் வரைந்திருக்கிறார்கள். பார்த்ததும் ஒரு புள்ளை, "இந்தாளு கொட்றாரு" என்றது. ஒரு வரி விளக்கம் நான் சொல்லவில்லை.

"அந்தப் பையன் ஏன் தானே தண்ணி மொண்டு குடிக்கல?" என்று இன்னொன்று கேட்டது. கேட்டால் மழுப்பக் கூடாது. "தொடக் கூடாதுன்னு சொன்னாங்க. அது தப்பு. அவர் பெரியவரானதும் அதை எதிர்த்தார்" என்றேன். அந்த வயசுக்கு அது போதும்.

எப்படி வாசிப்பது? தரையில் வட்டமா உட்காருங்க. புத்தகம் பிள்ளைகளைப் பார்த்து இருக்கட்டும். வாசிக்கிறதுக்கு முன்னால படத்தை நல்லாப் பார்க்க விடுங்க. "இது என்ன கலர்?" என்று பரீட்சை வைக்காமல், "இங்க என்ன நடக்குது?" என்று கேளுங்க. கேட்டுவிட்டுக் காத்திருங்க. "எங்க ஊட்ல ஆயாவும் இப்டித்தான் பண்ணும்" என்று ஒரு குழந்தை சொன்னால், "ஊட்ல இல்ல, வீட்டில்" என்று திருத்தாதீங்க. அந்த நிமிஷம் அது வாயை மூடிக்கும். "அப்படியா, ஆயா அப்புறம் என்ன பண்ணுச்சு?" என்று கேளுங்க. பத்து நிமிஷம் போதும். நாளைக்கும் அதே புத்தகம் வேணும் என்றால் அதையே வாசிங்க. பக்கம் கிழிந்தால் ஒட்டிக்கலாம். கிழியும் என்று பீரோவில் பூட்டி வைக்காதீங்க.

கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். அவர்களையும் உட்கார வையுங்க. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், இந்தி, ஒடியா எல்லாவற்றிலும் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இல்லாத புத்தகத்தை நாமே செய்யலாம். பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம் போதும். பென்னலூர் தெரு, கம்பெனி பஸ், ஷிப்ட் முடிந்து வரும் அம்மா, ஆயா சுடுகிற கருவாடு, மாமா அடிக்கிற பறை. பிள்ளைகளே வரையட்டும், அவர்கள் சொல்கிற பேச்சை அப்படியே கீழே எழுதித் தையுங்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொன்று கொண்டுவாங்க. அதைத்தான் முதலில் வாசிக்கப் போகிறோம்.